ஓட்டத்தில் கடைசி, புகழில் முதல்

"கோச்சி இன்னைக்கும் லேட்டாண்ணே?"

"எந்த நாளு நேரத்துக்கு வந்துச்சு, தம்பி? நீ வடையச் சாப்பிடு."

இலங்கை மலையகத்தின் நானுஓயா ஸ்டேஷனில் இந்தப் பேச்சு நாள் தவறாமல் நடக்கும். கோச்சி என்றால் இங்கே ரயில். கேட்பவர் மாறுவார், பதில் மாறாது. மேடையைக் கொஞ்சம் பாருங்கள். எங்கோ ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு பெண், நீலப் பெட்டிக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று மஞ்சள் பாவாடை உடுத்திக்கொண்டு நிற்கிறாள். அவளோடு வந்தவன் கேமரா காலை விரித்து, மடக்கி, மறுபடி விரிக்கிறான். வெளியே ஆட்டோக்காரர்கள் "நுவரெலியா, நுவரெலியா" என்று கூவுகிறார்கள். நுவரெலியாவுக்கு ரயில் கிடையாது, இங்கே இறங்கித்தான் போகவேண்டும். இத்தனை அமளிக்கும் நடுவே, தோட்டத்துப் பெண் ஒருத்தி இரண்டு பிள்ளைகளையும் ஒரு சாக்குப் பையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஹப்புத்தளைக்குப் போக அமைதியாகக் காத்திருக்கிறாள். வரப்போவது உலகப் புகழ்பெற்ற ஓட்டக்காரி என்பது பற்றி அவளுக்கு ஒரு பரபரப்பும் இல்லை.

அந்த ஓட்டக்காரிதான் பொடி மெனிக்கே. அவளுக்கு உடரட்ட மெனிக்கே என்று ஓர் அக்கா. நாம் இருவரையும் பொதுவாக அம்மணி என்றே சொல்வோம். கொழும்பிலிருந்து பதுளைக்கு ஓடும் ரயில்கள். அம்மணி மேடைக்கு வருமுன் ஒப்பனை அறைப் பக்கம் ஓர் எட்டு எட்டிப் பார்த்துவிடலாம், வாருங்கள்.

முதலில் அம்மணியின் ஓட்டத் திறமை. காலை ஆறு மணியளவில் கொழும்பு கோட்டையை விட்டுக் கிளம்புகிறவள், 200 கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டியிருக்கும் நானுஓயாவுக்கு நண்பகல் கழிந்துதான் வந்து சேர்கிறாள். கணக்குப் போட்டால் மணிக்கு 30 கிலோமீற்றர். இதிலே சமதரையில் பறந்த பகுதியும் சேர்த்தி. நானுஓயாவிலிருந்து எல்ல வரை, அதாவது உலகமே வரிசையில் நின்று பார்க்கத் துடிக்கும் அந்த அறுபத்துச் சொச்சம் கிலோமீற்றருக்கு, இரண்டரை மணி நேரம் எடுப்பாள். மணிக்கு 25. உசைன் போல்ட் 2009இல் பெர்லினில் நூறு மீற்றரை 9.58 வினாடியில் ஓடினாரே, அது மணிக்கு 37 கிலோமீற்றருக்கு மேல். போல்ட் நூறு மீற்றரோடு நின்றுவிடுவார், அம்மணி பொழுது சாயும்வரை ஓடுவாள் என்று நாங்கள் வக்காலத்து வாங்குவோம். ஆனாலும் 1,650 குதிரைவலு எஞ்சினைக் கட்டிக்கொண்டு ஒரு மனுஷனிடம் தோற்பது கொஞ்சம் கூச்சம்தான்.

புகழோ? உலகின் அழகான ரயில் பயணங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அம்மணிக்கு அதில் ஓர் இருக்கை உண்டு. எல்ல ரயிலுக்கான ஆசனப் பதிவு முப்பது நாளுக்கு முன்பு இணையத்தில் திறக்கும். திறந்து 42 வினாடியில் அத்தனையும் விற்றுத் தீர்ந்ததாக ஒருமுறை அரசாங்கத் தரப்பே சொன்னது. கறுப்புச் சந்தைக்காரர்கள் கைவரிசை அது. 2025 தொடக்கத்தில் பொலிஸ் விசாரணை, கைது என்றெல்லாம் போயிற்று. ஆக, மலையகப் பாதையில் வேகமாக ஓடுவது ஒன்றே ஒன்று, டிக்கெட்.

சரி, ஏன் இவ்வளவு மெதுவு? சோம்பேறித்தனம் என்று நினைத்தால் பாவம் பிடிக்கும். திரைக்குப் பின்னால் போனால்தான் விஷயம் புரியும்.

ஸ்டேஷன் மாஸ்டரின் அறையில் மணி அடிக்கிறது. வெளியே நிற்பவர்களுக்கு அது வெறும் சத்தம். உள்ளே அது பேச்சு: பக்கத்து ஸ்டேஷன்காரர் "அனுப்பலாமா?" என்று கேட்கிறார். இது ஒற்றைத் தண்டவாளம். ஏறுகிற கோச்சியும் இறங்குகிற கோச்சியும் நடுவழியில் சந்தித்தால் கதை முடிந்தது. அதற்குத்தான் அந்தப் பழைய இயந்திரம். அதற்குள் வட்டமான தகடுகள் அடுக்கியிருக்கும். இரண்டு ஸ்டேஷன் இயந்திரங்களும் மின்கம்பியால் பிணைந்தவை. ஒரு பக்கம் ஒரு தகட்டை வெளியே எடுத்துவிட்டால், அது மறுபடி உள்ளே போகும்வரை இரண்டு பக்கமும் வேறு தகடு வராது, எவ்வளவு உலுக்கினாலும் வராது. எடுத்த தகட்டைத் தோல் பைக்குள் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, டிரைவர் கையில் கொடுப்பார்கள். அது கையில் இருந்தால்தான் அடுத்த ஸ்டேஷன்வரை பாதை அவருடையது. 1874இல் இங்கிலாந்தில், நோரிச் பக்கத்தில், தோர்ப் என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி 25 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு எட்வர்ட் டயர் என்பவர் கண்டுபிடித்த ஏற்பாடு இது. தாய்நாட்டில் பெரும்பாலும் காட்சிச்சாலைக்குப் போய்விட்டது. நம் மலையில் அது சம்பளம் வாங்காத ஊழியனாக நூற்றாண்டு தாண்டியும் வேலை பார்த்தது. கணினி தொங்கிப்போகும், இது தொங்காது. அந்த வளையம் கைமாறும் கணம் எனக்கு எந்த நீர்வீழ்ச்சியை விடவும் அழகு. சுற்றுலாக்காரர்கள் அந்த நேரம் எதிர்ப்பக்க ஜன்னலில் தேயிலையைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது பாதை. மலையேற்றத்தில் 44 மீற்றர் ஓடினால் ஒரு மீற்றர் உயர்வு. நடக்கிறவனுக்கு அது ஒன்றுமில்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஏற அது செங்குத்து. மழையும் மூடுபனியும் தண்டவாளத்தை வழுவழுப்பாக்கினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். அதற்காக எஞ்சினில் மணல் பெட்டி வைத்திருக்கிறார்கள். டிரைவர் அழுத்தினால் சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவப்படும், பிடி கிடைக்கும். நவீன எஞ்சினின் ரகசிய ஆயுதம் ஒரு பிடி மணல் என்று சொன்னால் நம்புகிறீர்களா? வளைவுகள் இன்னும் மோசம். ஏறத்தாழ நூறு மீற்றர் ஆரத்தில் திரும்பும் வளைவுகள், அதுவும் இந்தியாவில் ஓடுவது போன்ற ஐந்தரை அடி அகலப் பாதையில். குறுகிய பாதை போட்டிருந்தால் திருப்புவது சுலபம், செலவும் குறைவு. ஆனால் அகலப் பாதையையே மலை மேலும் இழுத்துக்கொண்டு போனார்கள். அதனால்தான் கடைசிப் பெட்டியில் இருப்பவர் தன் எஞ்சினையே ஜன்னல் வழியாகப் பார்த்துக் கையசைக்க முடிகிறது. அந்தப் புகழ்பெற்ற வளைவுப் படங்கள் எல்லாம் பொறியியலாளரின் தலைவலிக்குப் பிறந்த பிள்ளைகள்.

ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலைச் சுரங்கம், பாதையிலேயே நீளமானது, அரை கிலோமீற்றருக்கும் மேல். உள்ளே போனதும் மூன்றாம் வகுப்பில் எல்லோரும் ஒரே குரலில் ஊளையிடுவார்கள். காரணம் கேட்காதீர்கள், இது வழிவழியாக வந்த சடங்கு. நானுஓயாவைத் தாண்டி அம்பேவெல, பட்டிப்பொல என்று ஏறி, ஒஹியவுக்கு முன்பு 1,898 மீற்றரில் உச்சி. அகலப் பாதை ரயில் இவ்வளவு உயரம் ஏறுவது அபூர்வம். அங்கிருந்து இறக்கம். இறக்கத்தில்தான் டிரைவருக்கு நிஜமான வேலை. ஏற்றத்தில் பயப்படாதவர் இறக்கத்தில் பிரேக்கிலிருந்து கையை எடுக்க மாட்டார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அம்மணி பிறக்கும்போது மெதுவானவள் அல்ல. 1885இல் தண்டவாளம் நானுஓயாவைத் தொட்டபோது, இந்த மலையிலிருந்து சுமை இறக்க மாட்டுவண்டிதான் கதி. கோப்பிக்கென்று தொடங்கிய பாதை மேலே ஏறி வருவதற்குள் இலைநோய் கோப்பியைத் தின்று தீர்த்திருந்தது. தேயிலைப் பெட்டிகள் ஏறின. ஹப்புத்தளைக்குப் பாதை 1893இல் போகும்வரை நானுஓயாதான் கடைசி ஸ்டேஷன். அன்றைக்கு இவள் மின்னல். அவள் அப்படியேதான் இருக்கிறாள், உலகம்தான் அவசரப்பட்டுவிட்டது. மெதுவென்றால் என்ன என்று அறிய வேண்டுமானால் இங்கிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்கு ஓடிய சின்னக் கோச்சியைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டரை அடிப் பாதை, 24க்கு ஒன்று ஏற்றம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது, லொறியும் பஸ்ஸும் வந்ததும் மூடிவிட்டார்கள். இன்று இருந்திருந்தால் அம்மணியின் புகழை அது தட்டிப் பறித்திருக்கும் என்பது என் கட்சி.

புகழுக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு மனிதர்களிலும் சாட்சி உண்டு. 2020 பெப்ரவரியில் கர்நாடகத்தின் கம்பளாப் போட்டியில் எருமைகளோடு ஓடிய ஸ்ரீனிவாச கவுடா 142.5 மீற்றரை 13.62 வினாடியில் கடந்தார். யாரோ வகுத்துப் பார்த்து, நூறு மீற்றருக்கு 9.55, போல்ட்டை முந்திவிட்டார் என்று கொளுத்திப் போட்டார்கள். சேற்றில் இழுத்துக்கொண்டு போன எருமைகளுக்கு யாரும் பங்கு கொடுக்கவில்லை. மத்திய அமைச்சரே ஓடிக்காட்ட அழைத்தார். கவுடா புத்திசாலி, தடகளப் பாதைக்கு வர மறுத்துவிட்டார். அதற்கு முந்தின ஆண்டு மத்தியப் பிரதேசத்து இளைஞர் ஒருவர் வெறுங்காலோடு பதினோரு வினாடியில் ஓடியதாகக் காணொளி பரவி, போபாலில் சோதனை ஓட்டம் வைத்தார்கள். அவர் போனார், கடைசியாக வந்தார்.

ஆனால் இந்தச் சாதியின் குலதெய்வம் நம் நாட்டுக்காரர். 1964 அக்டோபர் 14, டோக்கியோ ஒலிம்பிக், 10,000 மீற்றர். அமெரிக்காவின் பில்லி மில்ஸ் யாரும் எதிர்பாராத விதமாக 28 நிமிடம் 24.4 வினாடியில் தங்கம் வென்ற அதே ஓட்டம். எல்லோரும் முடித்துவிட்டார்கள். இலங்கை இராணுவ வீரர் ரணதுங்க கருணானந்த மட்டும், முதுகில் 67ஆம் எண், இன்னும் ஓடிக்கொண்டிருந்தார். இன்னும் சில சுற்று பாக்கி. முதலில் அரங்கம் சிரித்தது. அடுத்த சுற்றில் சிரிப்பு அடங்கியது. கடைசிச் சுற்றில் எழுந்து நின்று கைதட்டியது, வென்றவனுக்குத் தட்டியதைப் போலவே. 34 நிமிடத்துக்கு மேல் எடுத்து, முடித்தவர்களில் கடைசியாக, 29ஆவதாக வந்தார். அவர் கதை ஜப்பானியப் பள்ளிப் பாடநூலில் ஏறியது. மில்ஸை மறந்த ஜப்பானியர் இருக்கலாம், 67ஆம் எண்ணைப் படித்து வளர்ந்த தலைமுறை மறக்கவில்லை.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை: உலகின் முதல் அதிவேக ரயிலான ஷின்கான்சென், மணிக்கு 210 கிலோமீற்றரில், டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்குக் கிளம்பியது அதே அக்டோபர் முதலாம் திகதி. வேகத்துக்கு விழா எடுத்துப் பதின்மூன்று நாள் கழித்து, அதே நகரம் ஒரு மெதுவான மனிதனுக்காக எழுந்து நின்றது. கருணானந்தவின் வேகத்தையும் பார்த்துவிடுங்கள், மணிக்குப் பதினேழரை கிலோமீற்றர். நம் அம்மணிக்கும் அவருக்கும் பெரிய இடைவெளி இல்லை, ஸ்டேஷனில் நின்று வடை வாங்கும் நேரத்தில் பிடித்துவிடுவார்.

மெதுவை மெதுவென்றே சொல்லி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் கிளேசியர் எக்ஸ்பிரஸ் தன்னை உலகின் மிக மெதுவான எக்ஸ்பிரஸ் என்றே விளம்பரம் செய்கிறது. அதன் தூரம் கொழும்பு-பதுளைக்கு ஏறத்தாழ அதே 290 கிலோமீற்றர். அவர்கள் எட்டு மணி நேரத்தில் முடிக்கிறார்கள், நாங்கள் பத்து. அப்படியானால் பட்டம் யாருக்கு? மேட்டுப்பாளையம்-ஊட்டி ரயிலோ 46 கிலோமீற்றர் ஏற நாலரை மணிக்கும் மேல் எடுக்கும். 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. 'உயிரே' படத்தில் ஷாருக்கானும் மலைக்கா அரோராவும் கூரை மேல் ஆடியது அந்த ரயிலில்தான். வேகமான ரயிலின் கூரையில் ஆட முடியுமா? கலை வளர மெதுவு வேண்டும்.

இப்போது அம்மணி வந்துவிட்டாள். கதவடிப் படப்பிடிப்பைப் பாருங்கள். காசு அதிகம் கொடுத்து முதல் வகுப்புக் குளிரூட்டிய பெட்டியில் ஏறியவர்களுக்கு ஒரு சோதனை காத்திருக்கிறது, ஜன்னல் திறக்காது. உலகின் மிக அழகான காட்சியைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கப் பணம் கட்டியிருக்கிறார்கள். ஐந்து நிமிடம் பொறுப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து இரண்டாம், மூன்றாம் வகுப்புக் கதவை நோக்கி வருவார்கள். கழிவறைக்குப் பக்கத்து அந்த ஒன்றரைச் சதுர மீற்றர்தான் ரயிலிலேயே மதிப்பு மிக்க நிலம். அங்கே வரிசை நிற்கும். ஒருத்தி வெளியே சாய்வாள், கூட வந்தவன் அடுத்த கதவிலிருந்து படம் எடுப்பான், அடுத்த ஜோடி தொண்டையைச் செருமும். நடுவில் வடைக்காரர் தலையில் கூடையோடு "வடே, வடே, வடே" என்று நுழைந்து எத்தனையோ பேருடைய தவத்தைக் கலைத்துவிட்டுப் போவார். இணையத்தில் தன்னந்தனியாகக் காற்றில் பறக்கும் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் பத்துப் பேர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதை அந்தப் படம் சொல்வதில்லை.

2019இல் போர்த்துக்கல் ஜோடி ஒன்று இப்படித் தொங்கி எடுத்த படம் உலகம் முழுக்கத் திட்டு வாங்கியது. திட்டத் திட்ட வரிசை நீண்டது. 2025 பெப்ரவரியில் பதுளை ரயிலில் தொங்கிய ஒரு ரஷ்யப் பெண் பாறையில் தலை அடிபட்டு இறந்தே போனார். மெதுவான ரயில்தானே என்ற நினைப்புத்தான் எமன். மலையைக் குடைந்த பாதையில் பாறை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, பாறை நகராது.

இந்த மொத்தக் கூத்திலும் பெயர் போடாத கலைஞர்கள் உண்டு. இந்தப் பாதையை வெட்டிய கைகளும், இதில் ஏறிய தேயிலையைப் பறித்த கைகளும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து கூட்டி வரப்பட்டவர்களுடையவை. அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கோச்சி என்பது ஆஸ்பத்திரிக்கும், கொழும்பில் வேலை பார்க்கும் பிள்ளையைப் பார்க்கவும் போகிற வண்டி. ஆசனப் பதிவு 42 வினாடியில் முடிவது பற்றி அவர்களுக்குக் கவலையில்லை, அவர்கள் பதிவு செய்வதேயில்லை. பதியாத மூன்றாம் வகுப்பில் முண்டியடித்து ஏறி, கதவை மறித்து நிற்கும் கேமராக்காரரிடம் "கொஞ்சம் தள்ளுங்க தொரை" என்று சொல்லிப் போவார்கள். அந்த வெள்ளைக்காரருக்கு "தொரை" என்றதில் இருக்கும் கிண்டல் புரியாது.

அப்புறம் பாதைத் தொழிலாளர்கள். மழைக் காலத்தில் மண் சரிந்திருக்கிறதா, பாறை உருண்டிருக்கிறதா என்று தண்டவாளத்தோரமாக நடந்து பார்ப்பவர்கள். "மலையகப் புகையிரத சேவை பாதிப்பு" என்ற தலைப்பைப் பத்திரிகைகள் அச்சுக் கோத்தே வைத்திருக்கின்றன என்று நாங்கள் கேலி பேசுவோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கேலிக்கு இடமில்லாமல் போயிற்று. பாதை பல இடங்களில் மண்ணோடு போனது; மேலே நான் காட்டியதெல்லாம் அதற்கு முந்திய காட்சி. மெதுவாக ஓடுகிறாள் என்று சலித்துக்கொண்டவர்களுக்கெல்லாம், அவள் ஓடாமல் நின்றால் எப்படியிருக்கும் என்று தெரிந்தது. இந்தப் பாதையில் மெதுவாக ஓடுவதே சாதனை என்பது என் தீர்ப்பு. கைதட்டல் எஞ்சினுக்குப் போகட்டும், கூலியும் சப்பாத்தும் மழைக்கோட்டும் நடந்து பார்ப்பவர்களுக்குப் போகவேண்டும்.

வரப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளம்புமுன் பாதை எதுவரை திறந்திருக்கிறது என்று புகையிரதத் திணைக்களத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். கறுப்பில் டிக்கெட் வாங்காதீர்கள். மூன்றாம் வகுப்பில் ஏறினால், பையோடு நிற்கிற தோட்டத்து அம்மாவுக்கு இடம் கொடுங்கள், அவருக்கு இது சுற்றுலா அல்ல. கதவில் தொங்காதீர்கள். படம் வேண்டுமென்றால் ஜன்னலோரம் உட்கார்ந்தே எடுக்கலாம். அம்மணி போகிற வேகத்துக்கு ஒரு படமும் கலங்காது.